சர்க்கரையும் பிரஷரும் சேர்ந்து வந்த பிரசவம்: அரசு ஆஸ்பத்திரி சீமாங் வார்டில் 19 நாள்

முதலில் மார்க்கைச் சொல்லிவிடுகிறேன், அப்புறம் கதை. வைத்தியத்துக்கு 5க்கு 5. நர்ஸ்கள் கவனிப்புக்கும் 5க்கு 5. நமக்குப் புரியும்படி எடுத்துச் சொல்வதற்கு 2. சாப்பாட்டுக்கு 1, கழிவறைக்கு 1. கூட வந்தவர்கள் உட்காரவோ படுக்கவோ இடம் என்று ஒன்று கிடையாது.

ஆஸ்பத்திரியின் பெயரைப் போடவில்லை. குறைகளையும் சேர்த்துத்தான் எழுதப்போகிறேன், அதனால் அங்கே வேலை பார்ப்பவர்களுக்கு ஒரு சங்கடமும் வரக்கூடாது. டெல்டா பக்கம் ஒரு அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை, அதற்குள் தனிக் கட்டடமாக இருக்கும் சீமாங் சென்டர், அவ்வளவு தெரிந்தால் போதும். மருத்துவக் கல்லூரிகளிலும் மாவட்டத் தலைமை மருத்துவமனைகளிலும் இந்த மையம் இருக்கும், 24 மணி நேரமும் சிசேரியன் செய்ய ஆள், ரத்தம், பச்சிளங்குழந்தைப் பிரிவு எல்லாம் ஒரே இடத்தில். கர்ப்பத்தில் சர்க்கரை இருக்கிறது என்று கேட்டு, இப்போது "பிரஷரும் லேசா ஏறியிருக்கு" என்றும் கேட்டுவிட்டு வந்து, எங்கே பிரசவம் பார்ப்பது என்று ராத்திரியெல்லாம் போனில் தேடிக்கொண்டிருக்கும் பெண்களுக்காக எழுதுகிறேன். ஒரு வருடம் முன்னால் நானும் அப்படித்தான் தேடிக்கொண்டிருந்தேன்.

எனக்கு 31 வயது, இது முதல் குழந்தை, அம்மாவுக்குச் சர்க்கரை உண்டு. எங்கள் ஊர் ஆரம்ப சுகாதார நிலையத்தில் முதல் தடவை போனபோதே குளுக்கோஸ் தண்ணீர் கொடுத்துப் பார்த்தார்கள், 126 வந்தது, சரி என்றார்கள். 26வது வாரத்தில் மறுபடியும். 75 கிராம் குளுக்கோஸை ஒரு பெரிய டம்ளர் தண்ணீரில் கலக்கிக் கொடுப்பார்கள், எலுமிச்சம்பழம் பிழிந்து தருவார்களா என்று கேட்டுப் பாருங்கள், வயிற்றில் நிற்கும். குடித்து இரண்டு மணி நேரம் அங்கேயே உட்கார்ந்திருந்து ரத்தம் கொடுக்க வேண்டும். அரை மணி நேரத்துக்குள் வாந்தி எடுத்துவிட்டால் இன்னொரு நாள் வரச் சொல்வார்கள். காலையில் சாப்பிட்டீர்களா இல்லையா என்பது இந்தச் சோதனைக்கு முக்கியமில்லை. பஸ் பிடித்து வெறும் வயிற்றோடு வர முடியாத கர்ப்பிணிகளை மனதில் வைத்து நம் நாட்டுக்கென்று கொண்டுவந்த முறை இது, சென்னை டாக்டர் வி. சேஷையா முன்னின்று பரப்பியது. அவர் பிறந்த மார்ச் 10ஆம் தேதியைத்தான் நாடு முழுக்க கர்ப்பகால சர்க்கரை நோய் விழிப்புணர்வு நாளாக வைத்திருக்கிறார்கள். 140ஐத் தொட்டால் சர்க்கரை. எனக்கு 168.

இரண்டு வாரம் சாப்பாட்டில் பார்க்கலாம் என்றார்கள். நாலு இட்லி சாப்பிட்டால் இரண்டு மணி நேரம் கழித்து 150க்குப் பக்கத்தில் நிற்கும், இரண்டு இட்லி ஒரு அவித்த முட்டை கொஞ்சம் சுண்டல் என்று மாற்றியபோது 118. கேழ்வரகு நல்லது என்று அத்தை பாசத்தோடு தினமும் கூழ் காய்ச்சிக் கொடுத்தார், கூழாகக் குடித்தால் அது அரிசிக்குச் சளைக்காமல் ஏற்றும் என்பதை மெஷினில் பார்த்தபிறகுதான் நம்பினோம். பகலில் இப்படிக் கட்டுக்குள் வந்தாலும் வெறும் வயிற்றுச் சர்க்கரை 104க்குக் கீழே இறங்கவில்லை. 95க்குள் இருக்க வேண்டும். ராத்திரி ஒரு இன்சுலின் ஊசி ஆரம்பித்தார்கள். "இப்பவே ஊசி போட்டா ஆயுசுக்கும் போடணும்" என்று தெருவில் ஆளாளுக்குச் சொன்னார்கள். அது நடக்கவில்லை, பிரசவமான அன்றே ஊசி நின்றுவிட்டது. இன்சுலின் நஞ்சுக்கொடியைத் தாண்டிக் குழந்தைக்குப் போகாது, நம் சர்க்கரைதான் போகும். அதனால் ஊசிக்குப் பயந்து சர்க்கரையை விட்டுவிடாதீர்கள்.

இதற்கு நடுவில், வீட்டில் எல்லாரும் சொன்னதால், பக்கத்து டவுனில் ஒரு தனியார் கிளினிக்கிலும் காட்டிக்கொண்டிருந்தேன். அங்கே நடந்ததைச் சொல்லத்தான் வேண்டும். 31வது வாரம், காலில் கொலுசு பதிகிற அளவுக்கு வீக்கம், விரலில் மோதிரம் கழற்ற முடியவில்லை. சுடிதார் கைக்கு மேலேயே பட்டையைச் சுற்றிப் பிரஷர் பார்த்தார்கள், 142/90. "வெயில்ல வந்திருக்கீங்க, அதான்" என்று சொல்லி, இரண்டு வாரம் கழித்து வரச் சொன்னார்கள். கொஞ்ச நேரம் உட்காரவைத்து மறுபடி பார்க்கவில்லை. சிறுநீரில் ஆல்புமின், அதாவது புரதம், போகிறதா என்று பார்க்கவில்லை. சர்க்கரை இருக்கிற கர்ப்பிணிக்குப் பிரஷர் வர மற்றவர்களைவிட வாய்ப்பு அதிகம் என்று அன்றைக்கு எனக்குத் தெரியாது. அவர்களுக்குத் தெரிந்திருக்க வேண்டும். பத்து நிமிஷம் உட்காரவைத்து மறுபடி ஒரு தரம் அளந்திருந்தால் போதும், அந்த ஒன்றுக்காக எனக்கு இன்னும் மனசு ஆறவில்லை.

பன்னிரண்டு நாள் கழித்து, 32 வாரம் முடிந்து ஐந்தாவது நாள், காலையில் எழுந்ததும் நெற்றியிலிருந்து பிடரி வரை தலைவலி. மாத்திரை போட்டும் விடவில்லை. மேல் வயிற்றில், வலது பக்கம் விலாவுக்குக் கீழே, யாரோ முட்டியால் அழுத்துகிற மாதிரி வலி. வாயு என்று நினைத்து ஓம வாட்டர் குடித்தேன். அடுப்பங்கரையில் நிற்கும்போது கண் முன்னால் சின்னச் சின்ன வெள்ளிப் பூச்சிகள் பறந்தன. அந்த நேரம் எங்கள் ஊர் நர்ஸம்மா, அதாவது கிராம சுகாதார செவிலியர், வேறு யாருக்கோ தடுப்பூசி விஷயமாகத் தெருவுக்கு வந்தவர், வாசலில் என் முகத்தைப் பார்த்ததும் உள்ளே வந்துவிட்டார். முகம் உப்பியிருந்ததாம். நாற்காலியில் சாய்ந்து உட்காரச் சொல்லி, ஐந்து நிமிஷம் பேசாமல் இருக்கச் சொல்லி, சட்டைக் கையை மேலே ஏற்றிவிட்டுப் பிரஷர் பார்த்தார். 172/114. ஒன்றும் சொல்லாமல் இன்னொரு தடவை பார்த்தார். அப்புறம் எழுந்து 108க்குப் போன் போட்டார்.

ஆரம்ப சுகாதார நிலையத்தில் சிறுநீரில் பட்டையைத் தோய்த்துப் பார்த்ததில் ஆல்புமின் மூன்று பிளஸ். டாக்டர் மேடம் பிரஷரைக் குறைக்க நிஃபெடிபின் மாத்திரை ஒன்று கொடுத்து, வலிப்பு வராமல் தடுக்கும் மக்னீசியம் சல்ஃபேட் ஊசியை இரண்டு பக்க இடுப்பிலும் போட்டார், ஒரு பக்கத்துக்கு 5 கிராம். வலி கொஞ்சம் நஞ்சமல்ல, உடம்பெல்லாம் சூடு ஏறுகிற மாதிரி இருக்கும். பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பும் முன்னே அந்த முதல் டோஸைப் போட்டு அனுப்பியதுதான் பெரிய உதவி என்று பின்னால் எல்லா டாக்டர்களும் சொன்னார்கள், ஏனென்றால் வலிப்பு ஆம்புலன்ஸிலும் வரும். தாய் சேய் நல அட்டையில் சிவப்பு மையில் பிரஷர், கொடுத்த மருந்து, கொடுத்த நேரம் எல்லாம் எழுதிக் கொடுத்தார். அந்த அட்டையை என் வீட்டுக்காரர் 40 கிலோமீட்டரும் கையிலேயே பிடித்துக்கொண்டு வந்தார்.

இனி வார்டு.

போய் இறங்கிய பத்து நிமிஷத்துக்குள் கையில் ஊசி ஏற்றி ரத்தம் எடுத்துவிட்டார்கள். பிக்மி நம்பர், அதாவது கர்ப்பத்தைப் பதியும்போது அரசு தருகிற எண், கேட்டார்கள், அது மட்டும் போதும், வேறு காகிதம் எதற்கும் அலையவிடவில்லை. பிரஷர் இன்னும் 166/110. லேபெட்டலால் ஊசி 20 மில்லிகிராம், பத்து நிமிஷம் பொறுத்து 40. அதற்கப்புறம் 148/96 வந்ததும் அதோடு நிறுத்தினார்கள். ஒரேயடியாக இறக்கினால் குழந்தைக்குப் போகிற ரத்தம் குறைந்துவிடும் என்பதால் நார்மலுக்குக் கொண்டுவர முயற்சி செய்வதில்லை. இது எனக்கு நாலாவது நாள் ஒரு மாணவ டாக்டர் சொல்லித்தான் தெரிந்தது. அன்றைக்கு, "இன்னும் குறையலையே, ஏன் ஊசி போடமாட்டேங்கிறாங்க" என்று அழுதேன், யாரும் விளக்கவில்லை. விளக்குவதற்கு 2 மார்க் போட்டேன் என்றால் இதனால்தான். ஒரு வாக்கியம் சொன்னால் போதும், மனசு அடங்கிவிடும்.

எச்.டி.யூ என்று, கூடுதலாகக் கண்காணிக்க வேண்டியவர்களுக்கு ஒரு தனி அறை, ஆறு கட்டில். ஜன்னல் திரை எப்போதும் மூடியிருக்கும். ஒவ்வொரு கட்டில் தலைமாட்டிலும் ஒரு அட்டையில் பெரிய தாள் ஒன்று கோர்த்திருக்கும், கட்டம் கட்டமாக. பிரஷர், நாடி, மூச்சு, சிறுநீர், முட்டி, சர்க்கரை. இந்த விமர்சனத்தில் ஒரே ஒரு விஷயம் மட்டும் உங்கள் மனதில் நிற்க வேண்டுமென்றால் அது இந்தத் தாளாகத்தான் இருக்க வேண்டும். ஏசி இருக்கிறதா, தனி ரூம் இருக்கிறதா, டிவி இருக்கிறதா என்று பார்க்காதீர்கள். ராத்திரி மூன்று மணிக்கு ஒருத்தர் எழுந்து வந்து அந்தக் கட்டத்தை நிரப்புவாரா என்று பாருங்கள்.

மக்னீசியம் நல்ல மருந்து, வலிப்பு வராமல் காக்கும். 33 நாடுகளில் பத்தாயிரத்துக்கு மேற்பட்ட பெண்களில் பாதிப் பேருக்கு இதையும் மீதிப் பேருக்கு வெறும் மருந்தையும் கொடுத்துப் பார்த்து, வலிப்பு வரும் ஆபத்து பாதிக்கு மேல் குறைகிறது என்று 2002லேயே உறுதி செய்துவிட்டார்கள். விலையும் குறைவுதான். ஆனால் உடம்பில் கூடிப்போனால் முதலில் முட்டியின் துடிப்பு போகும், அப்புறம் மூச்சு. அதனால் ஒவ்வொரு டோஸுக்கும் முன்னால் மூன்றைப் பார்க்க வேண்டும். முட்டிக்குக் கீழே சின்னச் சுத்தியலால் தட்டினால் கால் தானாக எகிற வேண்டும். மூச்சு நிமிஷத்துக்கு 16க்குக் குறையக்கூடாது. சிறுநீர் மணிக்கு 30 மில்லியாவது வர வேண்டும். நாலு மணி நேரத்துக்கு ஒரு ஊசி, ஒரு தடவை இந்தப் பக்கம் ஒரு தடவை அந்தப் பக்கம்.

முதல் நாள் ராத்திரி ஊசி முறை வந்தபோது ஒரு சிஸ்டர் வந்தார், நாற்பது வயதுக்கு மேல் இருக்கும், கழுத்தில் மூக்குக் கண்ணாடி சங்கிலியில் தொங்கும். விளக்கைப் போடவில்லை, பக்கத்துக் கட்டில் பெண் தூங்கட்டும் என்று. சின்ன டார்ச்சை வாயில் கவ்விக்கொண்டு என் முட்டியில் தட்டினார், கால் எகிறியது. என் வயிற்றில் கையை வைத்து, சுவரில் இருந்த கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு மூச்சை எண்ணினார், ஒரு முழு நிமிஷம். அப்புறம் கட்டிலுக்குக் கீழே குனிந்து சிறுநீர்ப் பையில் டார்ச் அடித்தார். எழுந்திருக்கவே இல்லை. கண்ணாடியைப் போட்டுக்கொண்டு இன்னொரு தடவை பார்த்தார். "எண்பதுதான் இருக்கு. நாலு மணி நேரத்துக்கு நூத்தி இருபதாவது வேணும்" என்று தனக்குள் சொன்னார். தயாராக எடுத்து வைத்திருந்த ஊசியை ட்ரேயில் திரும்ப வைத்துவிட்டு டியூட்டி டாக்டரை எழுப்பப் போனார். அவர் மேல்படிப்புப் படிக்கும் பி.ஜி. டாக்டர், ஒரு பெண், தலையைக் கூட முடிந்துகொள்ளாமல் ஓடி வந்தார். மறுபடி முட்டி, மறுபடி மூச்சு, சிறுநீரகம் சரியாக வேலை செய்கிறதா என்று தெரிய ரத்தத்தில் கிரியாட்டினின் பார்க்க அனுப்பினார்கள். அந்த டோஸை நிறுத்தி வைத்தார்கள். மக்னீசியம் கூடிப்போனால் அதை முறிக்கிற கால்சியம் குளுக்கோனேட் என் தலைமாட்டிலேயே இருந்தது, உடைக்க வேண்டி வரவில்லை. ஐந்தரை மணிக்கு சிறுநீர் இறங்க ஆரம்பித்தது, கிரியாட்டினினும் சரியாக வந்தது, அப்புறம்தான் ஊசி போட்டார்கள். அந்த சிஸ்டர் அன்றைக்கு "சரி, டைம் ஆச்சு" என்று போட்டுவிட்டுப் போயிருந்தால் யாரும் அவரைக் கேட்டிருக்க முடியாது. அதனால்தான் சொல்கிறேன், 5க்கு 5.

இரண்டாவது நாளிலிருந்து பிரஷர் மாத்திரையிலேயே நின்றது, மக்னீசியத்தை நிறுத்தினார்கள். சும்மா காத்திருப்பதற்கும் ஒரு கணக்கு உண்டு. பிரஷர் கடுமையாக இருந்தாலும் தாயும் குழந்தையும் தாங்கினால் 34 வாரம் வரை தள்ளிக்கொண்டு போகப் பார்ப்பார்கள். தாங்கவில்லை என்றால் எந்த வாரமானாலும் எடுத்துவிட வேண்டியதுதான், ஏனென்றால் நஞ்சுக்கொடி வெளியே வரும் வரை இந்த நோய்க்கு முடிவு கிடையாது. கிடைக்கிற ஒவ்வொரு நாளையும் குழந்தையின் நுரையீரலுக்காகப் பயன்படுத்த, டெக்ஸாமெதசோன் ஊசி 12 மணி நேரத்துக்கு ஒன்றாக நாலு போட்டார்கள்.

இங்கேதான் சர்க்கரையும் பிரஷரும் சேர்ந்து வந்தால் என்ன சிக்கல் என்று புரிந்தது. குழந்தைக்காகப் போடுகிற அந்த ஊசி தாயின் சர்க்கரையைத் தூக்கிவிடும். இரண்டாவது ஊசிக்கு அப்புறம் எனக்கு 218. ஒன்றரை மாதம் இட்லியை எண்ணிச் சாப்பிட்டவளுக்கு அந்த எண்ணைப் பார்த்ததும் நெஞ்சு அடைத்துவிட்டது. ஆனால் பெரிய டாக்டர் மேடம் காலை ரவுண்டிலேயே, ஏறும் முன்னாலேயே, இத்தனை வந்தால் இத்தனை யூனிட் என்று தாளில் எழுதி வைத்துவிட்டுப் போயிருந்தார். "இந்த ஊசி போட்டா நாலஞ்சு நாள் ஏறத்தாம்மா செய்யும், எங்களுக்குத் தெரியும், நீ பேசாமப் படு" என்று சிஸ்டர் சொன்னார். சர்க்கரை டாக்டரும் பிரசவ டாக்டரும் ஒரே தாளைப் பார்க்கிற இடமாக இருப்பது எவ்வளவு முக்கியம் என்று அப்போது நினைத்தேன். தனியாரில் எனக்கு இரண்டு பேரும் இரண்டு ஊரில் இருந்தார்கள்.

குறை என்றால், சாப்பாடு. சர்க்கரை நோயாளி என்று கேஸ் ஷீட்டில் கொட்டை எழுத்தில் எழுதியிருக்கிறது, காலையில் வருவது ரொட்டியும் சர்க்கரை போட்ட பாலும். மதியம் மலை மாதிரி வெள்ளைச் சோறு. கேட்டால் "எல்லாருக்கும் ஒண்ணுதாம்மா". அவ்வளவு கணக்காக இன்சுலின் போடுகிற இடத்தில் இந்தப் பால் ஏன் என்று நான் கேட்காத ஆள் இல்லை. அத்தைதான் வெளியே மெஸ்ஸில் சொல்லி முட்டையும் சுண்டலும் சப்பாத்தியும் வாங்கி வந்தார். மதியச் சாப்பாட்டுக்கு இரண்டு மணி நேரம் கழித்துப் பார்க்க வேண்டிய சர்க்கரையை லேப் ஆள் வருகிற நேரத்துக்குத்தான் பார்ப்பார்கள், சில நாள் மூன்று மணி நேரம் கடந்துவிடும். என் சொந்த மெஷினை வைத்து நானே பார்த்து சிஸ்டரிடம் சொன்னேன், அவர் அதைத் தாளில் குறித்துக்கொண்டார். அதனால் போகும்போது மெஷினும் ஒரு டப்பா ஸ்ட்ரிப்பும் கட்டாயம் எடுத்துப் போங்கள்.

கழிவறை பற்றி விரிவாக எழுத விருப்பமில்லை. நாற்பது பேருக்கு மூன்று, அதில் ஒன்றில் தாழ்ப்பாள் இல்லை. நிறைமாதப் பெண்கள் ஈரத் தரையில் சுவரைப் பிடித்துக்கொண்டு நடக்கிறார்கள், பார்க்கவே பதைக்கிறது. ஸ்ட்ரெச்சர் தள்ள, குழந்தை பிறந்த சேதி சொல்ல என்று காசு கேட்டவர்களும் இருந்தார்கள், கொடுத்தோம். கொடுக்க முடியாத வீட்டுக்காரர்கள் தலையைக் குனிந்துகொண்டு நின்றதையும் பார்த்தேன். இது மாற வேண்டும். அதே இடத்தில் ஒரு பைசா வாங்காமல் என் தலையை வாரிப் பின்னிவிட்ட ஆயாம்மாவும் இருந்தார் என்பதையும் எழுதத்தான் வேண்டும்.

தினமும் ரத்தத்தில் தட்டணுக்கள், அதாவது ரத்தம் உறைய உதவுகிற அணுக்கள், குறைகிறதா என்று பார்த்தார்கள். முதல் நாள் 1,62,000. மூன்றாவது நாள் 1,30,000. ஐந்தாவது நாள் காலை 98,000, கூடவே கல்லீரல் கணக்கும் ஏறியிருந்தது. மறுபடி அந்த விலா வலி. பெரிய மேடம் தாளைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், "இனிமே வெயிட் பண்ணக்கூடாதும்மா, இன்னைக்கே எடுத்துடலாம்" என்றார். 33 வாரம் 2 நாள். மக்னீசியத்தை மறுபடி ஆரம்பித்தார்கள். மயக்க டாக்டர் தட்டணு எண்ணிக்கையைக் கேட்டு, முதுகில் ஊசி போடலாம் என்றார். மதியம் பன்னிரண்டே முக்காலுக்குப் பெண் குழந்தை, 1 கிலோ 740 கிராம். அழுத சத்தம் பூனைக்குட்டி மாதிரி இருந்தது, ஆனால் அழுதாள்.

குழந்தையை நேரே பச்சிளங்குழந்தைப் பிரிவுக்குக் கொண்டு போனார்கள். ஒரு மணி நேரத்தில் குதிகாலில் குத்திச் சர்க்கரை பார்த்தபோது 34. என் சர்க்கரைக்கு ஈடுகொடுக்க அவள் உடம்பு வயிற்றுக்குள்ளேயே இன்சுலினை அதிகமாகச் சுரந்து பழகியிருக்கும், தொப்புள்கொடியை வெட்டியதும் என்னிடமிருந்து போன சர்க்கரை நின்றுவிட்டது, இன்சுலின் மட்டும் மிச்சம். உடனே குளுக்கோஸ் ட்ரிப் போட்டார்கள், இரண்டு நாளில் தானே நிலைக்கு வந்தாள். சர்க்கரை உள்ள தாய்க்குப் பிறக்கும் குழந்தைக்கு முதல் ஒரு மணி நேரத்தில் இதைப் பார்க்கிற ஆளும் வசதியும் இருக்கிறதா என்று நீங்கள் போகிற இடத்தில் இப்போதே கேட்டு வையுங்கள். பிறந்தபிறகு கேட்க நேரம் இருக்காது.

பால் முதலில் மூன்று மில்லிதான் வந்தது. அதைச் சின்னக் கிண்ணத்தில் பீய்ச்சி, பாலாடையில் சொட்டுச் சொட்டாகக் கொடுத்தார்கள். அப்புறம் கங்காரு முறை, குழந்தையை வெறும் நெஞ்சோடு சேர்த்துக் கட்டிக்கொண்டு மணிக்கணக்கில் சாய்ந்திருக்க வேண்டும். எனக்குப் பிரஷர் ஏறிய நாட்களில் சிஸ்டர்கள் என் வீட்டுக்காரரைக் கூப்பிட்டு உட்காரவைத்தார்கள். சட்டைப் பொத்தானைக் கழற்றிவிட்டு, குழந்தையை நெஞ்சில் வைத்து மேலே துணி சுற்றி, மூச்சு விடவே பயந்துகொண்டு இரண்டு மணி நேரம் அசையாமல் உட்கார்ந்திருந்தார். இதற்காக ஒரு மார்க் தனியாகக் கூட்டலாம்.

பிரசவம் ஆனால் பிரஷர் போய்விடும் என்றுதான் எல்லாரும் நினைக்கிறோம். 24 மணி நேரம் மக்னீசியம் போட்டு முடித்தபிறகு நானும் அப்படித்தான் நினைத்தேன். நாலாவது நாள் 160/104. பிள்ளை பெற்ற மூன்றிலிருந்து ஆறு நாளுக்குள் மறுபடி ஏறுவது சகஜம், வலிப்பும் அந்த நாட்களில் வரலாம். பல இடங்களில் மூன்றாம் நாளே வீட்டுக்கு அனுப்பிவிடுகிறார்கள். இங்கே அனுப்பவில்லை, கெஞ்சியும் அனுப்பவில்லை, அதற்கு இப்போது நன்றி சொல்கிறேன். மாத்திரையைக் கூட்டி, பால் கொடுப்பவர்களுக்கு ஒத்துப்போகிற எனாலாபிரில் சேர்த்தார்கள். வீட்டுக்குப் போனபிறகும் ஆறு வாரம் வரை தலைவலி, கண்ணில் பூச்சி பறப்பது, விலா வலி எது வந்தாலும் நேரம் பார்க்காமல் வரச் சொன்னார்கள்.

19வது நாள் 102 வண்டியில் வீட்டில் கொண்டுவந்து விட்டார்கள், அதற்கும் காசில்லை. மொத்தம் எங்களுக்கு ஆன செலவு மெஸ் சாப்பாடும் அங்கே இங்கே கொடுத்த காசும்தான். முத்துலட்சுமி ரெட்டி மகப்பேறு உதவித் திட்டத்தின் 18,000 ரூபாய், ஊட்டச்சத்துப் பெட்டகமும் பணமுமாகத் தவணை தவணையாக வரும், அதற்கும் பிக்மி நம்பர் வேண்டும், சீக்கிரமே பதிந்துவிடுங்கள்.

வீட்டுக்குப் பிரஷர் மெஷின் வாங்குகிறவர்கள் கை மேல்புறத்தில் கட்டுவதையே வாங்குங்கள். மணிக்கட்டில் கட்டுவது ஒன்று முதலில் எங்களிடம் இருந்தது, ஐந்து நிமிஷத்தில் மூன்று எண் காட்டியது. கை பருமனாக இருந்தால் பெரிய பட்டை கேட்டு வாங்குங்கள், சின்னப் பட்டை கட்டினால் உள்ளதைவிடக் கூடுதலாகக் காட்டும். உள்ளங்காலைத் தரையில் வைத்து, முதுகு சாய்த்து, ஐந்து நிமிஷம் பேசாமல் இருந்து பாருங்கள். 140/90 வந்தால் அன்றே காட்டுங்கள். 160/110 வந்தால் அந்த நிமிஷமே கிளம்புங்கள். அடுத்த குழந்தை என்று யோசிக்கிறவர்கள், முன்னால் இப்படி வந்திருந்தால், பன்னிரண்டாவது வாரத்திலேயே டாக்டரிடம் ஆஸ்பிரின் பற்றிக் கேளுங்கள். நீங்களாகப் போடாதீர்கள்.

ஆறாவது வாரம் மறுபடி குளுக்கோஸ் தண்ணீர் குடிக்கப் போனேன், இந்தத் தடவை வெறும் வயிற்றில். இரண்டு மணி நேரத்தில் 146. கர்ப்பம் இல்லாதபோது கணக்கு வேறு, அதனால் சர்க்கரை இல்லை, ஆனால் எல்லையில் நிற்கிறேன், வருஷா வருஷம் பார்க்க வேண்டும். பிரஷர் மாத்திரை நின்றுவிட்டது. அதையும் பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும், இந்த மாதிரி பிரஷர் வந்த பெண்களுக்குப் பின்னாளில் இதய நோய் வர வாய்ப்பு கூடுதல் என்று பெரிய மேடம் சொன்னார். பக்கத்தில் ரிசல்ட்டுக்காக உட்கார்ந்திருந்த இரண்டு பேருக்கு அது தெரியவே தெரியாது, பிரசவத்தோடு கதை முடிந்தது என்று நினைத்திருந்தார்கள்.

ரிசல்ட் வாங்கிவிட்டுக் குழந்தையைத் தூக்கிக்கொண்டு மாடி ஏறினேன், அந்த சிஸ்டரிடம் காட்ட வேண்டும் என்று. 3 கிலோ 100 ஆகியிருந்தாள். எச்.டி.யூ கதவு பாதி திறந்திருந்தது. என் பழைய கட்டிலில் ஒரு சின்னப் பெண், இருபது வயதிருக்கும், முகம் உப்பிப்போய். சிஸ்டர் அவள் வயிற்றில் கையை வைத்து, சுவர்க் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு நின்றிருந்தார். என்னைக் கண்டதும் சிரித்தார், ஆனால் வாயைத் திறக்கவில்லை, இன்னொரு கையைத் தூக்கி இரு என்று மட்டும் காட்டினார். எண்ணி முடிக்கட்டும் என்று வாசலிலேயே நின்றேன்.